எட் ஹெட்ரிக்

எட்வர்ட் ஏர்ல் ஹெட்ரிக் (ஜூன் 28, 1924 – ஆகஸ்ட் 12, 2002) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த விளையாட்டுப்பொருள் கண்டுபிடிப்பாளர் ஆவார். பிரிஸ்பீ என அறியப்படும் பறக்கும் தட்டை நிலையாகவும் குறி பிசகாமலும் பறக்கும்படி திருத்தி அமைத்தவர் இவர். பொதுப் பூங்காக்களில் ஆடப்படும் தட்டுக் கோல்ஃப் என்னும் விளையாட்டுக்கு நிலையான முதல் திடலையும், சங்கிலிக் கூடை வடிவிலான இலக்கையும், வீரர் சங்கத்தையும் உருவாக்கியவரும் இவரே. நிலை தவறாத எட் என்று பொருள்படும் 'ஸ்டெடி எட்' என்ற பட்டப்பெயராலேயே ஆட்டக்காரர்கள் இவரை அழைத்தனர். நவீன பிரிஸ்பீயின் தந்தை, தட்டுக் கோல்ஃபின் தந்தை என்னும் இரு சிறப்புப் பெயர்களும் இவருக்கு உண்டு.

டிஸ்க் என்னும் சொல்லை வட்டு என்று தமிழாக்குவதும் பொருந்தும். எனினும் வட்டு எறிதல் என்பது தடகளப் போட்டி ஒன்றின் பெயராக ஏற்கனவே நிலைபெற்றுவிட்டதால், குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு இக்கட்டுரையில் தட்டு என்ற சொல்லே ஆளப்படுகிறது.

தொடக்க வாழ்க்கை

ஹெட்ரிக் தெற்குக் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரை அடுத்த பாசடீனா வட்டாரத்தில் பிறந்தார். பிற்காலத்தில் இவருக்குப் புகழ் தேடித்தந்த ஓக் குரோவ் பூங்காவும் அதே வட்டாரத்தில் அமைந்தது ஒரு வகையில் பொருத்தமே. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றினார். போருக்குப் பின் பல தொழில்களில் ஈடுபட்டு, ஏறத்தாழ நாற்பதாம் வயதில்தான் விளையாட்டுப்பொருள் துறைக்கு வந்து சேர்ந்தார்.

வாம்-ஓ நிறுவனமும் பிரிஸ்பீயும்

ரிச்சர்ட் நெர், ஆர்தர் மெலின் என்னும் இரு நண்பர்கள் 1948-இல் தொடங்கிய வாம்-ஓ நிறுவனம், சான் கேப்ரியல் நகரில் இயங்கிவந்தது. 1958-இல் உலகையே இடுப்பை வளைத்து ஆட வைத்த ஹூலா வளையம் இந்நிறுவனத்தின் தயாரிப்பே. அதற்கு ஓராண்டு முன்னதாக, வால்டர் பிரெடரிக் மாரிசன் என்பவர் வடிவமைத்த 'புளூட்டோ பிளாட்டர்' என்னும் நெகிழித் தட்டின் உரிமையையும் வாம்-ஓ வாங்கியிருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த பிரிஸ்பி என்னும் அடுமனையின் தகரத் தட்டுகளை மாணவர்கள் வீசி விளையாடி வந்தனர். அப்பெயரே எழுத்து மாறி பிரிஸ்பீ என்னும் வணிகப்பெயராயிற்று. ஆகவே பறக்கும் தட்டை முதன்முதலில் கண்டுபிடித்தவர் ஹெட்ரிக் அல்லர். சில இடங்களில் அவ்வாறு எழுதப்பட்டிருப்பது பிழை.

ஹெட்ரிக் 1964-இல் வாம்-ஓவில் சேர்ந்தார். அப்போதைய தட்டு கடற்கரையில் பொழுதுபோக்க ஏற்ற ஒரு பொம்மை. பலமாக வீசினால் தடுமாறியது. குறிப்பிட்ட இடத்தில் விழும் என்ற உறுதியும் இல்லை. ஹெட்ரிக் அதன் விளிம்பைத் திருத்தி, மேற்பரப்பில் ஒரே மையத்தைக் கொண்ட மெல்லிய வளைய மேடுகளை வரிசையாக அமைத்தார். சுழலும் தட்டின் மீது வழுவழுப்பாகச் செல்லும் காற்றோட்டத்தை இம்மேடுகள் சற்றே கலைத்துவிடுவதால், தட்டு கூடுதலாக நிலைகொண்டு பறக்கிறது. இவ்வளையங்கள் இன்றும் 'ஹெட்ரிக் கோடுகள்' என்றே வழங்கப்படுகின்றன. இக்கண்டுபிடிப்புக்கு 1967 டிசம்பர் 26 அன்று 3,359,678 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

இம்மாற்றம் கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. எறிபவரின் திறமைக்கேற்ப ஒரு பொருள் பறக்குமானால் அதைக் கொண்டு போட்டி நடத்தலாம். ஹெட்ரிக் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1964-இல் 'தொழில்முறை' என்ற பெயரிலேயே புதிய பிரிஸ்பீ விற்பனைக்கு வந்தது. 1967-இல் பன்னாட்டு பிரிஸ்பீ சங்கத்தை இவர் நிறுவினார். உறுப்பினர்கள் குறிப்பிட்ட எறிமுறைகளில் தேர்ச்சி காட்டித் தகுதிநிலை பெறும் ஏற்பாடும் அதில் இருந்தது. இது விற்பனையைப் பெருக்கும் உத்தியாகவும் பயன்பட்டது என்பதை மறுக்க இயலாது. எனினும் நாடெங்கும் சிதறிக் கிடந்த ஆர்வலர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது இச்சங்கத்தின் வழியாகத்தான்.

மரமும் விளக்குக் கம்பமும்

தட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, மிகக் குறைந்த எறிகளில் இலக்கை அடையும் ஆட்டம் ஹெட்ரிக்குக்கு முன்பே பல ஊர்களில் தனித்தனியே தோன்றியிருந்தது. 1920களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பிளாட்வர்த் என்னும் சிற்றூர்ப் பள்ளிச் சிறுவர்கள் தகர மூடிகளைக் கொண்டு இவ்வாறு ஆடியதாக அறியப்படுகிறது. 1970 முதல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் ஒரு குழுவினர் இதை முறையாக ஆடிவந்தனர். அவர்கள் 1974-இல் நடத்திய அமெரிக்கப் பறக்கும் தட்டுப் போட்டியில் இவ்வாட்டமும் ஒரு பிரிவாக இடம்பெற்றது. பரிசு ஒரு புதிய டாட்சன் மகிழுந்து. நாட்டின் மறுகோடியில் இத்தகைய ஆர்வம் இருப்பதை வாம்-ஓ நிறுவனத்தார் கண்டுகொண்டனர்.

எல்லா ஊர்களிலும் இலக்குகள் கையில் கிடைத்தவையே. மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுள் எது கண்ணில் பட்டதோ அதைத் தட்டால் தொட்டால் போதும். நண்பர்களிடையே இது சிக்கலில்லாதது. போட்டி என்று வந்துவிட்டால், தட்டு மரத்தைத் தொட்டதா, இலையை உரசியதா என்ற வாக்குவாதம் ஓயாது. அத்துடன், பூங்காவில் உள்ள மரம் நிழலுக்கும் விளக்கு வெளிச்சத்திற்கும் உரியவை. எறிவதற்கென எவரும் அவற்றை அமைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் தாமே இலக்கைத் தேர்ந்துகொண்டு எத்திசையிலும் வீசினால், அவ்வழியே நடப்பவருக்குத் தட்டு எங்கிருந்து வரும் என்று தெரியாது.

ஓக் குரோவ் பூங்கா

1975-இல் ஹெட்ரிக், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் லா கன்யாடா பிளின்ட்ரிட்ஜ் பகுதியில் இருந்த ஓக் குரோவ் பூங்காவில் தட்டுக் கோல்ஃபுக்கெனவே ஒரு நிலையான திடலை வடிவமைத்தார். உலகின் முதல் நிலையான தட்டுக் கோல்ஃப் திடலாக இதுவே கொள்ளப்படுகிறது. அப்பூங்கா பின்னர் ஹாஹமோங்னா நீர்ப்பிடிப்புப் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அப்பகுதியின் தொல்குடியினரான டோங்வா மக்களின் மொழியிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது.

இடத்தின் தன்மையைச் சற்று விரிவாகக் கூறுவது தகும். அரோயோ செக்கோ என்பது அங்கு ஓடும் ஆறு. வறண்ட ஓடை என்பது அப்பெயரின் பொருள். ஆண்டின் பெரும்பகுதி மணலும் கூழாங்கல்லுமாகக் கிடந்து, மலையில் பெருமழை பெய்தால் மட்டும் பொங்கி வரும். அவ்வெள்ளத்தைத் தடுக்க 1920-இல் கட்டப்பட்ட டெவில்ஸ் கேட் அணையின் மேற்புறப் படுகையை ஒட்டியே பூங்கா அமைந்துள்ளது. பக்கத்திலேயே விண்கலங்களை உருவாக்கும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1936-இல் சில இளைஞர்கள் அவ்வாய்வுக்கூடத்தின் முன்னோடியாக அமைந்த ஏவூர்திச் சோதனைகளை நடத்தியதும் இவ்வோடைக்கரையில்தான். வீட்டு உணவுடன் வந்து மரநிழலில் அமர்வோர், நடப்போர், குதிரையில் செல்வோர், பறவை பார்ப்போர் என்று பலரும் பயன்படுத்திய இடம் அது.

அவர்களுள் எவரையும் வெளியேற்றாமல், வேலி எதுவும் போடாமல் ஒரு விளையாட்டுத் திடலை அங்கு நுழைப்பதே ஹெட்ரிக் எதிர்கொண்ட பணி. எறிய வேண்டிய இடமும் எய்த வேண்டிய இலக்கும் நிலையாகக் குறிக்கப்பட்டன. பெரும் ஓக் மரங்கள் இலக்கிலிருந்து தடையாக மாறின. அவற்றைச் சுற்றியும் ஊடாகவும் தட்டை வளைத்து எறிவதே ஆட்டத்தின் சுவையாயிற்று. ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. புல்லுக்கு நீர் பாய்ச்ச வேண்டியதுமில்லை. வழக்கமான கோல்ஃபுக்கு நூறு ஏக்கருக்கு மேல் தேவைப்படும் பதினெட்டு இலக்குகளுக்கு, தட்டுக் கோல்ஃபில் இலக்குக்கு ஒரு ஏக்கர் வீதம் இருந்தாலே போதும். எத்திசையில் தட்டுகள் பறக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், மற்றவர்கள் விலகி நடக்கவும் வழி ஏற்பட்டது.

சங்கிலிக் கூடை

ஓக் குரோவில் முதலில் நடப்பட்டவை வெறும் தூண்கள். தூணைத் தட்டு தொட்டதா என்ற பழைய வழக்கு முற்றிலும் தீரவில்லை. எறிந்த தட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இலக்கு ஒன்று இருந்தால் மட்டுமே அது தீரும். ஹெட்ரிக்கும் அவருடைய மகனும் பல மாதிரிகளைச் செய்து பார்த்து, இறுதியில் சங்கிலிகளை நாடினர்.

வேகமாக வரும் தட்டு கெட்டியான பொருளில் பட்டால் தெறித்துவிடும். வலையில் பட்டால் சிக்கிக்கொள்ளலாம். தளர்வாகத் தொங்கும் சங்கிலி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு, அதைத் தொப்பென்று கீழே விட்டுவிடும். தூணின் மேல்முனையில் உள்ள வளையத்திலிருந்து பத்துச் சங்கிலிகள் உட்புறம் வளைந்து தொங்க, அவற்றின் கீழே வாய் திறந்த கம்பிக் கூடை ஒன்று பொருத்தப்பட்டது. எத்திசையிலிருந்து எறிந்தாலும் இலக்கின் தோற்றம் ஒன்றே. தட்டு கூடையில் தங்கினால் ஆட்டம் முடிந்தது. வெளியே விழுந்தால் முடியவில்லை. நடுவர் தேவையில்லை. சங்கிலிகள் கலகலக்கும் ஓசையைத் தொலைவிலிருந்தே கேட்கலாம். அவ்வோசைக்காகவே இவ்விளையாட்டை விரும்புவோர் உளர்.

இக்கருவிக்கு 1977-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று பல நிறுவனங்கள் செய்யும் இலக்குகளில் சங்கிலிகளின் எண்ணிக்கையும் அடுக்கும் மாறியிருந்தாலும், அடிப்படை அமைப்பு ஹெட்ரிக்கினுடையதே. பிரிஸ்பீயைத் திருத்தியதைக் காட்டிலும் இதுவே இவருடைய பெரிய கண்டுபிடிப்பு எனலாம்.

ஆட்ட முறை

அறியாதவர்களுக்காக ஆட்டமுறை சுருக்கமாகத் தரப்படுகிறது. ஆட்டக்காரர் எறிமேடையில் நின்று தட்டை இலக்கை நோக்கி வீசுவார். தட்டு விழுந்த இடத்தில் ஒரு சிறு அடையாளத் தட்டை வைத்துவிட்டு, அதன் பின்னிருந்து அடுத்த எறியை எறிவார். கூடைக்குப் பத்து மீட்டர் தொலைவுக்குள் வந்துவிட்டால், எறிந்த பின் உடல் நிலைபெறும் முன்னர் அடையாளத்தைத் தாண்டி முன்செல்லக் கூடாது. இவ்வாறு பெரும்பாலும் பதினெட்டு இலக்குகளை முடித்து, மொத்த எறிகள் குறைந்தவர் வெற்றி பெறுவார். ஒரு தட்டும் நடப்பதற்குக் கால்களும் போதுமானவை. உலகில் உள்ள திடல்களில் பெரும்பான்மையானவை பொதுப் பூங்காக்களில் கட்டணமின்றித் திறந்திருப்பவை. வயதானவரும் சிறுவரும் ஒரே குழுவில் ஆடுவது இங்கு இயல்பான காட்சி.

அமைப்புகளும் உரிமையும்

தட்டுக் கோல்ஃபையே முழுநேரப் பணியாக்கிக்கொள்ளும் பொருட்டு ஹெட்ரிக் வாம்-ஓவை விட்டு விலகினார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், உயர் பொறுப்பில் இருந்த நிலையான வேலையை விட்டுவிட்டு, அப்போது ஒருசில திடல்களே இருந்த ஒரு விளையாட்டை நம்பி இறங்கியது துணிவான முடிவே. 1976-இல் மகனுடன் சேர்ந்து தட்டுக் கோல்ஃப் சங்கம் என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரில் சங்கம் என்றிருந்தாலும் இது கூடைகளைச் செய்து, திடல்களை வடிவமைத்துத் தரும் வணிக நிறுவனம். பிரிஸ்பீ என்பது வாம்-ஓவுக்குச் சொந்தமான வணிகப்பெயர். ஆட்டம் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சார்ந்திராமல் டிஸ்க் கோல்ஃப் என்று வழங்கலாயிற்று. இப்பெயரைப் பரப்பியவரும் ஹெட்ரிக்கே.

அதே ஆண்டில் தொழில்முறைத் தட்டுக் கோல்ஃப் வீரர் சங்கத்தையும் இவர் நிறுவினார். அதன் முதலாம் எண் உறுப்பினர் ஹெட்ரிக். 1979-இல் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச் நகரில் வாம்-ஓவின் ஆதரவில் 50,000 டாலர் பரிசுத்தொகையுடன் நடந்த போட்டி அன்றைய ஆட்டக்காரர்களை வியப்பில் ஆழ்த்தியது.

கூடையை விற்பவரே விதிகளையும் வகுப்பவராக இருப்பது நெடுநாள் நீடிக்கக்கூடிய ஏற்பாடு அன்று. 1980களின் தொடக்கத்தில் ஹெட்ரிக் வீரர் சங்கத்தின் நிர்வாகத்தை ஆட்டக்காரர்களிடமே ஒப்படைத்தார். இவர் எடுத்த முடிவுகளுள் மிக முக்கியமானது இது என்று கருத இடமுண்டு. சங்கம் எந்த உற்பத்தியாளரையும் சாராமல் வளர்ந்ததால், போட்டியாளர்களும் கூடைகளையும் தட்டுகளையும் செய்ய முன்வந்தனர், ஆட்டமும் பரவியது.

தட்டுகளும் பூங்காவும்

1983-இல் டேவ் டூனிபேஸ் என்பவர், விளிம்பு சாய்வாகச் செதுக்கப்பட்ட புதிய வகைத் தட்டை அறிமுகம் செய்தார். இது பிரிஸ்பீயைவிட விட்டம் குறைந்தது, கனமானது, காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதொலைவு செல்வது. சில ஆண்டுகளில் போட்டிகளிலிருந்து பிரிஸ்பீ மறைந்துபோனது. ஹெட்ரிக் உருவாக்கிய விளையாட்டில் ஹெட்ரிக் திருத்திய தட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. அவருடைய கூடை மட்டும் நிலைத்தது.

இம்மாற்றம் பூங்காவின் பிற பயனாளர்களுக்கு நன்மையாக அமையவில்லை. அகன்ற மென்மையான பிரிஸ்பீ மேலே பட்டால் அதிர்ச்சி மட்டுமே. கூர்விளிம்புள்ள தட்டு பட்டால் காயம் ஏற்படும். பிரிஸ்பீக்கென அளந்து வைத்த பழைய திடல்களில் புதிய தட்டுகள் நடைபாதையைத் தாண்டிச் சென்று விழுந்தன. அடிக்கடி தட்டு படும் மரங்களின் பட்டை உரிவதும், கூடையைச் சுற்றி மண் இறுகிப் புல் அற்றுப்போவதும் கண்கூடு. இக்காரணங்களால் பல ஊர்களில் புதிய திடல்களுக்கு எதிர்ப்பு எழுந்திருக்கிறது. அவ்வெதிர்ப்பை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. வழியில் ஆள் இருக்கும்போது எறியலாகாது என்பது ஆட்டத்தின் அடிப்படை ஒழுக்கமாகக் கொள்ளப்படுகிறது. எறிவழிகள் நடைபாதையைக் குறுக்கிடாமல் அமைத்தல், எறிமேடைகளை அவ்வப்போது இடம் மாற்றி மண்ணுக்கு ஓய்வளித்தல், மரத்தண்டுகளைக் கம்புகளால் காத்தல் ஆகியவை வடிவமைப்பாளர்கள் கையாளும் முறைகள். ஓக் குரோவில் ஹெட்ரிக் எதிர்கொண்ட அதே கேள்வி ஒவ்வொரு பூங்காவிலும் மீண்டும் எழுகிறது.

எதிர்ப்புக்கிடையிலும் வளர்ச்சி நிற்கவில்லை. 2020களில் உலகெங்கும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட திடல்கள் இருந்தன. ஐக்கிய அமெரிக்காவிற்கு வெளியே பின்லாந்து, எசுத்தோனியா முதலிய வட ஐரோப்பிய நாடுகளில் இவ்விளையாட்டு பெரும் செல்வாக்குப் பெற்றுள்ளது.

இறப்பும் நினைவும்

1993-இல் தட்டுக் கோல்ஃப் புகழவை தொடங்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற முதல் குழுவினருள் ஹெட்ரிக்கும் ஒருவர். பிற்காலத்தில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரை அடுத்த லா செல்வா பீச் என்னும் கடற்கரை ஊரில் வாழ்ந்தார். முதிய வயதிலும் போட்டிகளுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 2002 ஜூலை மாதம், தொழில்முறை சாராதோருக்கான உலகப் போட்டியில் கலந்துகொள்ள புளோரிடாவின் மியாமி நகருக்குச் சென்றிருந்தபோது பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். வீட்டிற்குக் கொண்டுவரப்பட்ட அவர் ஆகஸ்ட் 12 அன்று தம் 78-ஆம் வயதில் காலமானார்.

தம் உடலை எரித்த சாம்பலை நெகிழியுடன் கலந்து பறக்கும் தட்டுகளாக வார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். குடும்பத்தினர் அதை அவ்வாறே நிறைவேற்றினர். குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட அத்தட்டுகளுள் சில உற்றார் நண்பர்களுக்கு வழங்கப்பட்டன. மற்றவை, விளையாட்டின் வரலாற்றைக் காக்கும் அருங்காட்சியகம் ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காக விற்கப்பட்டன. வியப்பூட்டும் செய்தி என்பதால் இதழ்கள் பெரும்பாலும் இதை மட்டுமே எழுதின.

வீரர் சங்கத்தின் தலைமையகமான பன்னாட்டுத் தட்டுக் கோல்ஃப் மையம் 2007-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆப்ளிங் என்னும் ஊரில் திறக்கப்பட்டது. ஹெட்ரிக் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் அங்குதான் உள்ளது. மையம் அமைந்திருப்பது, மக்கள் படகு விடவும் கூடாரமடித்துத் தங்கவும் வரும் ஏரிக்கரைப் பொதுப் பூங்கா ஒன்றில். அங்குள்ள திடல்களுள் ஒன்றுக்கும் ஸ்டெடி எட் ஹெட்ரிக் என்ற பெயரே சூட்டப்பட்டுள்ளது.